பெயர்ச்சீட்டும் எலும்பும்: அருங்காட்சியகங்களில் உள்ள தோற்றிடம் அறியப்படாத மனித எச்சங்களை இனங்காணல் – கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காலனியக் காலத்தில் திரட்டப்பட்ட மனித மண்டையோடுகளும் எலும்புகளும் உலகின் பல அருங்காட்சியகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ளன. அவற்றுள் பலவற்றிற்கு எங்கிருந்து, யாரிடமிருந்து, எவ்வாறு எடுக்கப்பட்டன என்னும் விவரம் தெளிவாக இல்லை. மரபணு, ஐசோடோப்பு ஆய்வுகள் இக்குறையைத் தீர்த்துவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. எலும்பாய்வு தோற்றிடத்தின் எல்லையைச் சுருக்கித் தருமேயன்றி, ஊரையோ குடியையோ தானாகச் சுட்டாது என்பதையும், அப்பணிக்குப் பெயர்ச்சீட்டு, சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றின் வாசிப்பே அடிப்படை என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது. ஆதிச்சநல்லூர் முதலிய சான்றுகளின் வழியாகவும், கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை ஆகியவற்றின் இடப்பெயர், குழுப்பெயர்ச் சிக்கல்களின் வழியாகவும் இக்கருத்து நிறுவப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: மனித எச்சங்கள், மூலவரலாறு, பெயர்ச்சீட்டு, ஆதிச்சநல்லூர், கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர், ஐசோடோப்பு, மீளளிப்பு

முன்னுரை

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூற்றியல் சேகரிப்பில் இருந்த ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் வேடர் சமூகத் தலைவரிடம் ஒப்படைத்தது. 'வேடர்' என்னும் குழுப்பெயர் அவற்றின் பதிவில் இருந்தமையால் யாரிடம் ஒப்படைப்பது என்னும் வினாவிற்கு விடை கிடைத்தது. அப்பெயர் இல்லாதிருந்தால், அல்லது பிழையாக எழுதப்பட்டிருந்தால், அவ்வொன்பது மண்டையோடுகளும் இன்றும் அலமாரியிலேயே இருந்திருக்கக்கூடும். அன்றி, தொடர்பற்ற வேறொரு மக்களிடம் சென்று சேர்ந்திருக்கவும்கூடும்.

மீளளிப்பு குறித்த உரையாடல் தெற்காசியாவில் வலுப்பெற்று வருகின்றது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பிட் ரிவர்சு அருங்காட்சியகத்தில் உள்ள தம் முன்னோரின் எச்சங்களைத் திரும்பப் பெற நாகா மக்கள் முயன்று வருகின்றனர். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஏலத்திற்கு அறிவிக்கப்பட்ட நாகா மண்டையோடு ஒன்று, எதிர்ப்பு எழுந்த பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. இத்தகைய கோரிக்கைகளுக்கெல்லாம் முற்பட்டு நிற்கும் வினா, 'இவ்வெச்சம் யாருடையது' என்பதாகும். அவ்வினாவிற்கு விடை காணும் முறைகளையும் அவற்றின் வரம்புகளையும் தமிழகச் சூழலில் வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சேகரிப்புகள் உருவான பின்புலம்

தமிழகத்தில் இச்சிக்கலுக்குரிய முதன்மையான சான்று ஆதிச்சநல்லூர். 1876இல் செர்மானியரான யாகர் அங்கு அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் அலெக்சாண்டர் இரீ அங்கு விரிவான அகழாய்வுகளை மேற்கொண்டார்; அப்பொருள்களின் பட்டியல் 1915இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞரான இலாபிக்கும் அங்கு அகழ்ந்தார். இவ்வாறு ஒரே ஈமக்காட்டின் எச்சங்கள் சென்னை, பெர்லின், பாரிசு என மூன்று இடங்களுக்குப் பிரிந்தன. ஒவ்வோரிடத்திலும் பதிவு செய்தோரின் மொழியும் முறையும் நோக்கமும் வேறுவேறானவை.

எலும்புகளைத் திரட்டியோரின் நோக்கம் பெரும்பாலும் இன வகைப்பாடாகவே இருந்தது. சக்கர்மன் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி 1930இல் எழுதிய ஆய்வு சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அக்காலத்து ஆய்வுகள் மண்டையோட்டின் நீள அகல விகிதங்களைக் கொண்டு அதனை ஏதேனும் ஓர் இன வகையில் அடக்க முயன்றன. இன்று அவ்வகைப்பாடுகளை உயிரியலாளர் ஏற்பதில்லை. எனினும் அவை பெயர்ச்சீட்டுகளிலும் பட்டியல்களிலும் நிலைத்துவிட்டன. மண்டையோட்டின் மேல் எழுதப்பட்ட 'திராவிடர்', 'ஆத்திரலாய்டு' போன்ற சொல், அது எடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கவில்லை. எழுதியவரின் கொள்கையைக் குறிக்கின்றது. மூலவரலாற்றை ஆராய்வோர் இவ்வேறுபாட்டை முதற்கண் உணர்தல் வேண்டும்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்சுடன், வாழும் மக்களின் உடலளவுகளைப் பெரிய அளவில் எடுத்தவர். 1909இல் வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் ஏழு தொகுதிகளில் மலைவாழ் மக்கள் பலரும் இடம்பெற்றுள்ளனர். அக்காலத்தில் எழுதப்பட்ட பெயர்ச்சீட்டுகளின் குழுப்பெயர்களை விளங்கிக்கொள்ள இத்தொகுதிகள் துணைபுரியும். ஆயினும் அவையும் காலனிய அளவீட்டு நோக்கின் விளைவே என்பதால், அவற்றைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும்.

2. பெயர்ச்சீட்டு என்னும் முதற்சான்று

எழுத்துச் சான்று எத்துணை வலிமையுடையது என்பதற்கு ஆலம் பெக்கின் மண்டையோடு தக்க எடுத்துக்காட்டாகும். 1963இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள மதுக்கடை ஒன்றில் ஒரு மண்டையோடு கண்டெடுக்கப்பட்டது. அதன் கண்குழியில் கையெழுத்துக் குறிப்பொன்று செருகப்பட்டிருந்தது. அது வங்காளக் காலாட்படையின் 46ஆம் பிரிவைச் சேர்ந்த ஆலம் பெக் என்னும் அவில்தாருடையது என்றும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பங்கேற்றமைக்காக அவர் பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டார் என்றும் அக்குறிப்புக் கூறியது. வரலாற்றாசிரியர் கிம் வாக்னர் அக்குறிப்பை ஆவணங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2017இல் நூலாக வெளியிட்டார். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக வல்லுநர்கள் மண்டையோட்டை நோக்கி, அதன் தன்மைகள் குறிப்பிற்கு மாறுபடவில்லை எனக் கண்டனர். இங்குப் பெயரைத் தந்தது தாள். அதற்கு முரண்படவில்லை என்பதை மட்டுமே எலும்பு உறுதிசெய்தது.

பெர்லினில் நடந்த ஆய்வும் இதனையே காட்டுகின்றது. செர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 1,100 மண்டையோடுகளின் மூலவரலாற்றை பிரசியப் பண்பாட்டு மரபு அறக்கட்டளை ஆராய்ந்தது. அவற்றுள் பதிவு விவரம் மிகத் துல்லியமாக இருந்த மிகச் சிலவே மரபணு ஒப்பீட்டிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றிற்குத் தான்சானியாவில் வாழும் உறவினர்கள் கண்டறியப்பட்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றுள் யாருடைய மரபணுவோடு எதனை ஒப்பிடுவது என்பதை முடிவு செய்தது ஆய்வகம் அன்று. எழுத்துப் பதிவே அதனை முடிவு செய்தது.

3. இடப்பெயரை வாசித்தல்: கள்ளக்குறிச்சி

பெயர்ச்சீட்டில் ஓர் இடப்பெயர் இருப்பதாலேயே இடம் தெரிந்துவிடுவதில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதியை எடுத்துக்கொண்டால் இச்சிக்கலின் எல்லாக் கூறுகளையும் காணலாம். இம்மலையிலிருந்து எச்சங்கள் எடுக்கப்பட்டன எனக் கூறுவது இங்கு நோக்கமன்று. இப்பகுதியின் பெயர் தாங்கிய சீட்டு ஒன்று கிடைப்பின் அதனை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதே நோக்கமாகும்.

முதலாவது, ஆட்சி எல்லைகளின் மாற்றம். கள்ளக்குறிச்சி நெடுங்காலம் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டமாக இருந்தது; 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியது; 2019இல் தனி மாவட்டமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீட்டில் 'தென்னார்க்காடு' என்று மட்டும் இருந்தால், கல்வராயன் மலையின் சரிவும் கடலூரின் கடற்கரையும் ஒரே பெயருக்குள் அடங்கும். ஆதிச்சநல்லூருக்கும் இது பொருந்தும். பழைய பதிவுகளில் திருநெல்வேலிக்கு உரியதாக உள்ள அவ்வூர், 1986இல் உருவான தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று உள்ளது.

இரண்டாவது, மலையின் பிரிவுகள். கல்வராயன் மலை சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் எனப் பகுக்கப்படுகின்றது; அதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே 'சேலம்' என்னும் சீட்டும் இம்மலையைக் குறிக்கலாம். மேலும், கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலையூர்கள் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களின் கீழ் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தன. சீட்டில் ஊர்ப்பெயருக்கு மாற்றாக ஜாகிர்தாரின் பெயர் எழுதப்பட்டிருப்பின், அதனை எச்சத்திற்குரியவரின் பெயராகப் பிறழ உணரவும் வாய்ப்புண்டு. சமவெளி ஊர்களுக்குரிய வருவாய் ஆவணங்களோடு ஜாகிர் ஆவணங்களையும் தேடினாலன்றி இத்தகைய பெயர் தெளிவுபெறாது.

மூன்றாவது, எழுத்துப்பெயர்ப்பு. உரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. கல்வராயன் மலை ஆங்கிலப் பதிவுகளில் 'கல்ராயன்' எனச் சுருங்கியும், கள்ளக்குறிச்சி 'கள்ளக்குர்ச்சி' எனத் திரிந்தும் வழங்கின. மங்கிய மையில் எழுதப்பட்ட 'கள்ள...குறிச்சி' என்னும் பெயர், திருநெல்வேலிப் பகுதியில் உள்ள கல்லிடைக்குறிச்சியாகவும் வாசிக்கப்படலாம். 'குறிச்சி' என்பது மலைநிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல். அதனை ஈறாகக் கொண்ட ஊர்கள் தமிழகம் முழுவதும் உள்ளன. ஒரு சீட்டை வாசிக்கும்போது, எழுதியவரின் பயணவழி, அவர் அனுப்பிய மற்றைய பொருள்களின் ஊர்ப்பெயர்கள், அதே கையெழுத்தில் உள்ள பிற சீட்டுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்தே முடிவு செய்தல் வேண்டும்.

4. குழுப்பெயரை வாசித்தல்: மலையாளி

இடப்பெயரினும் சிக்கலானது குழுப்பெயர். கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். 'மலையை ஆள்பவர்', 'மலையில் வாழ்பவர்' என அப்பெயருக்குப் பொருள் கூறப்படும். அவர்களின் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியேறிய கதை அவர்களிடையே வழங்குவதைக் காலனியக் கால நூல்களும் பதிவு செய்துள்ளன.

ஆனால் அப்பெயர் கேரளத்தின் மலையாள மொழியினரைக் குறிக்கும் சொல்லோடு எழுத்தளவில் ஒன்றுபடுகின்றது. ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் 'மலையாளி, சென்னை மாகாணம்' என ஒரு சீட்டு இருப்பதாகக் கொள்வோம். மலபாரும் அன்று சென்னை மாகாணத்தின் பகுதியே. ஆகவே தமிழறியாத பட்டியலாளர் அதனைக் கேரளத்திற்கு உரியதாகக் கொள்வதில் வியப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புளூமென்பாக் வகுத்த ஐந்து மனித வகைகளுள் 'மலாய்' என்பதும் ஒன்று. ஆதலின் சுருக்கமாக எழுதப்பட்ட சீட்டைத் தென்கிழக்காசியாவிற்கு உரியதாகக் கொள்ளவும் இடமுண்டு. ஒரே சொல் மூன்று திசைகளைக் காட்டும்போது, எச்சம் எத்திசைக்குச் செல்ல வேண்டும் என்பது அச்சொல்லை வாசிப்பவரின் அறிவைப் பொறுத்தது.

இன்றைய அரசு ஆவணமும் இவ்வாசிப்பிற்கு உதவுகின்றது. தமிழ்நாட்டிற்கான பட்டியல் பழங்குடியினர் வரிசையில் 'மலையாளி' என்னும் பெயருக்கு அருகில் தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. இன்று வழக்கில் இல்லாத வடார்க்காடு, தென்னார்க்காடு என்னும் பெயர்கள் அங்கு நிலைத்திருப்பதால், பழைய சீட்டில் குழுப்பெயரும் மாவட்டப் பெயரும் இணைந்து வந்தால் அவற்றை இவ்வரிசையோடு நேரடியாகப் பொருத்திப் பார்க்கலாம்.

5. எலும்பு கூறுவனவும் கூறாதனவும்

எழுத்துச் சான்றை வாசித்த பின்னரே எலும்பை நோக்குதல் முறையாகும். இடுப்பெலும்பு, மண்டையோடு ஆகியவற்றின் வடிவத்தால் பால் வேறுபாட்டையும், பல், எலும்பு முனை, இணைப்புத் தையல் ஆகியவற்றின் நிலையால் ஏறத்தாழ வயதையும் அறியலாம். நோய், ஊட்டக்குறைவு, காயம் ஆகியனவும் எலும்பில் தடம் பதிக்கும். மண்டையோட்டு அளவீடுகளால் பரந்த புவிப்பகுதியை ஓரளவு ஊகிக்கலாம். தென்னிந்தியாவிற்குள் ஒரு குடியை மற்றொரு குடியினின்று பிரித்துக் காட்ட அவை பயன்படா.

வடிவத்தைக் காட்டிலும் பயன் மிக்கவை எலும்பின் மீதும் உள்ளும் எஞ்சியுள்ள தடயங்கள். மூளைக்குழியில் ஒட்டிய மண், தாழியின் ஓட்டுத்துண்டு, இரும்புக்கறை ஆகியன புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டதைக் காட்டும். சீராக அறுக்கப்பட்ட மண்டையோட்டு மேற்பகுதி, துளை, கம்பி, கொக்கி ஆகியன மருத்துவக் கல்விக்காகச் செய்யப்பட்டதைக் காட்டும். பெருங்கற்காலத்து எச்சத்தையும், அண்மைக் காலத்து இடுகாட்டிலிருந்து எடுக்கப்பட்டதையும், உடற்கூற்றுக்கூடத்திலிருந்து வந்ததையும் பிரித்தறிவது இன்றியமையாதது. அவற்றிற்கு உரியோரும் அவற்றின் மீதான உரிமையும் வேறுவேறு.

தமிழகத்தின் ஈமமரபு இங்கு மற்றொரு எச்சரிக்கையைத் தருகின்றது. சுடுதல், வெறுநிலத்தில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் எனப் பலவகை முறைகள் ஒருங்கே வழங்கியதை மணிமேகலை குறிப்பிடுகின்றது. உடலை வெளியில் இட்டுப் பின்னர் எலும்புகளைத் திரட்டித் தாழியில் வைக்கும் இரண்டாம் நிலைப் புதைப்பில் ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கலந்திருக்கலாம். எனவே, ஒரே பெட்டியில் ஒரே எண்ணுடன் உள்ள மண்டையோடும் தாடையும் ஒருவருடையவை என முன்கூட்டியே கொள்ளுதல் பொருந்தாது.

6. ஆய்வகச் சான்றுகளின் வரம்பு

கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு இரும்புக்கால எலும்பையும் காலனியக் கால எலும்பையும் எளிதில் பிரித்துவிடும். ஆனால் ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்தில் அளவைக்கோட்டின் ஏற்றத்தாழ்வுகளால் ஒரே அளவீட்டிற்குப் பல காலங்கள் விடையாக வரும். எனவே 1750ஐயும் 1880ஐயும் பிரித்தறிய இம்முறை பெரிதும் உதவாது. அருங்காட்சியகத்தில் பூசப்பட்ட பசையும் அரக்கும் அளவீட்டைத் திரித்தலும் உண்டு.

இசுட்ரான்சிய ஐசோடோப்பு விகிதம், பல்லின் மிளிரி உருவாகும் குழந்தைப் பருவத்தில் ஒருவர் உண்ட உணவு விளைந்த நிலத்தின் பாறையைக் காட்டும். கல்வராயன் மலை மிகப் பழைமையான சார்னோக்கைட்டுப் பாறையால் ஆனது. ஆகையால் இங்கு வளர்ந்தவரைத் தக்காணத்தின் எரிமலைப் பாறை நிலத்தில் வளர்ந்தவரிடமிருந்து பிரித்தறிய இயலும். ஆனால் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இவ்வகைப் பழம்பாறைகளை உடையன. மலையாளிக் குடிகள் வாழும் மலைகளும் அவையே. ஆகவே எந்த மலை என்னும் வினாவிற்கு இம்முறை விடை கூறுவது அரிது. அதற்கு விடை கூறவல்லது சீட்டில் உள்ள ஒரு நாட்டின் பெயரோ ஜாகிரின் பெயரோதான்.

கரிம ஐசோடோப்பு உணவு வகையைக் காட்டும். நெல் ஒருவகை ஒளிச்சேர்க்கையையும், சாமை, தினை, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியன மற்றொரு வகையையும் உடையன. மலையில் சாமையும் கேழ்வரகும் உண்டு வாழ்ந்தவரின் எலும்பு நெல்லுண்டவரின் எலும்பினின்று வேறுபடும். ஆயினும் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் புன்செய் உழவர் கம்பும் சோளமும் உண்டனர். ஆதலின் இவ்வேறுபாடு மலையையும் சமவெளியையும் பிரிப்பதினும், புன்செய்யையும் நன்செய்யையும் பிரிப்பதாகவே அமையும்.

மரபணு ஆய்வின் வலிமைக்கு அஜ்னாலா சான்றாகும். 2014இல் பஞ்சாபின் அஜ்னாலாவில் பழைய கிணறு ஒன்றிலிருந்து பெருந்தொகையான எலும்புகள் எடுக்கப்பட்டன. அவை 1857இல் கொல்லப்பட்ட படைவீரர்களுடையவை என்றும், நாட்டுப் பிரிவினையின்போது இறந்தோருடையவை என்றும் இருவேறு கருத்துகள் நிலவின. 50 மாதிரிகளின் மரபணுவும் 85 மாதிரிகளின் ஆக்சிசன் ஐசோடோப்பும் ஆராயப்பட்டு 2022இல் முடிவுகள் வெளியாயின. இறந்தோர் அப்பகுதியினர் அல்லர், கங்கைச் சமவெளியினர் என அவை சுட்டின. இம்முடிவு 1857ஆம் ஆண்டு எழுத்துச் சான்றோடு பொருந்தியது. முன்னரே வரையறுக்கப்பட்ட இரு விடைகளுள் எது பொருந்தும் என்பதைத் தேர்வதில் ஆய்வகம் சிறந்து விளங்கியது. அவ்விரு விடைகளையும் முன்வைத்தவை ஆவணமும் மக்கள் நினைவும் ஆகும்.

தமிழகத்தின் வெப்பத்தில் எலும்பின் மரபணு விரைவில் சிதைகின்றது. செவிப்பகுதியின் அடர்ந்த எலும்பிலிருந்தே பெரும்பாலும் மாதிரி எடுக்கப்படுகின்றது. அதனைத் துளைப்பது மீட்க இயலாத அழிவாகும். தாய்வழி மரபணு மட்டும் கிடைப்பின் அது ஒரு குடியைச் சுட்டாது. ஒப்பிடுவதற்கு வாழும் மக்களின் மரபணு தேவைப்படும்போது அவர்களின் இசைவும் தேவைப்படுகின்றது. ஒரு காலத்தில் உடலளவுக் கருவிகளோடு வந்தோரைக் கண்ட சமூகங்களிடம் மீண்டும் உடல் மாதிரி கேட்பதில், ஆய்வின் பயன் யாருக்கு என்பதை முதலில் விளக்கும் கடமை ஆய்வாளருக்கு உண்டு. கொந்தகை ஈமக்காட்டு மண்டையோடுகளைக் கொண்டு இலிவர்பூல் சான் மூர்சு பல்கலைக்கழகத்தில் 2025இல் உருவாக்கப்பட்ட முகங்கள் பெரிதும் பேசப்பட்டன. அவ்வகை மீட்டுருவாக்கம் முகத்தின் அமைப்பை மதிப்பிடுவதாகும். தோற்றிடத்தை நிறுவும் சான்றாக அதனைக் கொள்ளலாகாது.

7. முடிவுகளின் படிநிலையும் மீளளிப்பும்

மேற்கூறியவற்றால் ஆய்வின் வரிசை தெளிவாகின்றது. சேர்க்கைப் பதிவேடு, மடல்கள், பெயர்ச்சீட்டு ஆகியன முதலில் வாசிக்கப்பட வேண்டும். அடுத்து எலும்பின் மீதுள்ள தடயங்களும் அழிவற்ற உடற்கூற்று ஆய்வும் வர வேண்டும். அவற்றால் வரையறுக்கப்பட்ட வினா ஒன்று எஞ்சும்போதே, உரிய சமூகத்தின் இசைவோடு, அழிவுறு ஆய்வு செய்யப்பட வேண்டும்.

முடிவையும் படிநிலையாகவே கூறுதல் வேண்டும். தனிமனிதர் அறியப்பட்ட நிலை, ஊரோ குடியோ அறியப்பட்ட நிலை, வட்டாரம் மட்டும் அறியப்பட்ட நிலை, அறிய இயலா நிலை என நான்காக அதனைப் பகுக்கலாம். முதல் நிலையில் வழித்தோன்றல்களும், இரண்டாம் நிலையில் ஊராரும் குடியினரும் முடிவெடுக்கும் உரிமை உடையவர். மூன்றாம் நிலையில் 'மலையாளி, தென்னார்க்காடு' போன்ற ஒரு சீட்டிற்குக் கல்வராயன் மலையூர்கள் பலவும் ஒருங்கே கலந்து முடிவு செய்ய நேரும். நான்காம் நிலையிலும் எச்சத்தைக் காட்சிப் பொருளாக்காமல் மதிப்புடன் காத்தல் இயலும். 'அறியப்படவில்லை' எனப் பதிவதே நேர்மையானது. ஊகத்தை முடிவாக எழுதினால், பிழையான மக்கள் அதனை அடக்கம் செய்வர்; உரிய மக்கள் தேடுவதற்கான தடமும் அழிந்துவிடும்.

அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பட்ட பூர்வகுடியினர் கல்லறைப் பாதுகாப்பு, மீளளிப்புச் சட்டம் அருங்காட்சியகங்கள் தம் எச்சங்களின் பட்டியலை உருவாக்குவதைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியாவிலும் செர்மனியிலும் வழிகாட்டு நெறிகள் உள்ளன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருள்களை நோக்கியே அமைந்துள்ளது. மனித எச்சங்களுக்கு அமெரிக்கச் சட்டம் போன்ற தனிச்சட்டம் இல்லை. இந்நிலையில் இந்திய அருங்காட்சியகங்கள் தம் சேகரிப்பில் உள்ள எச்சங்களைப் பட்டியலிடுதல் அயல்நாடுகளிடம் கோருவதற்கு முற்பட்ட கடமையாகும்.

முடிவுரை

தோற்றிடம் அறியப்படாத மனித எச்சங்களை இனங்காணுதல் அறிவியல் ஆய்வகத்திற்கு மட்டும் உரிய பணியன்று. எலும்பு வயதையும் பாலையும் உணவையும் நிலத்தையும் கூறும். பெயரைக் கூறுவது எழுத்து. அவ்வெழுத்தோ திரிந்த உச்சரிப்பிலும் மறைந்த மாவட்டங்களிலும் மயக்கந்தரும் குழுப்பெயர்களிலும் புதைந்துள்ளது. 'கல்ராயன்' என்பதைக் கல்வராயனாகவும், 'மலையாளி' என்பதைத் தமிழ் பேசும் மலைக்குடியாகவும், 'தென்னார்க்காடு' என்பதைக் கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய பழைய எல்லையாகவும் வாசிக்கத் தமிழாய்வாளரால் இயலும். மாவட்டந்தோறும் பழைய ஊர்ப்பெயர்கள், அவற்றின் ஆங்கிலத் திரிபுகள், ஜாகிர், நாடு, வட்டப் பிரிவுகள், குழுப்பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்த பெயர்க்களஞ்சியம் ஒன்று உருவாக்கப்பட்டு, அயலக அருங்காட்சியகங்களுக்கும் கிடைக்கச் செய்யப்படுமாயின், பெயரற்றுக் கிடக்கும் எச்சங்கள் சிலவற்றிற்கேனும் ஊர் கிடைக்கும். மொழியியல், இடப்பெயராய்வு, வரலாறு, மானிடவியல் துறையினர் ஒருங்கிணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இதுவாகும்.